அலுமினியத் தண்டில் காய்ச்சல்

மனைவி பிரேமினி இறந்த இருபத்துமூன்றாம் நாள், ஒரு சனிக்கிழமை, தனுஷன் வீட்டுக்குத் திரும்பினான். ஹட்டனில் அம்மா வீட்டில் இருந்தது போதும். திங்கட்கிழமை பாடசாலை. தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் எடுக்க அவனை விட்டால் ஆளில்லை.

பஸ் நிற்கும் இடத்தில் செல்லசாமி த்ரீவீலோடு காத்திருந்தார். வாடகை ஓட்டம் அவருக்குத் தொழில். திருவிழாக் காலத்தில் தோட்டத்து இசைக்கோஷ்டிக்குத் தலைவர். அந்தக் கோஷ்டியில் பிரேமினி ஆறு வருடம் பேஸ் கிட்டார் வாசித்தாள்.

பாலம் தாண்டியதும், தனுஷனின் மாமியார் வேலாயி சொல்லிவிட்ட செய்தியைச் சொன்னார். முப்பத்தோராம் நாள் படையலுக்கு முன் அந்தக் கிட்டாரை அவளைப் புதைத்த குழிமேட்டில் புதைக்க வேண்டும். கோடாங்கி மாயாண்டி குறி பார்த்துச் சொல்லிவிட்டார். தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஆட்களுக்கும் சம்மதம்.

தனுஷன் தலையாட்டினான். அவன் எப்போதும் தலையாட்டுகிறவன்தான்.

வீடு பழைய மருந்துக்காரர் குவாட்டர்ஸ். லயத்துக்கு மேலே தனியாக நிற்கும் கல்வீடு. கதவைத் திறந்ததும் ஈரச்சுவரின் வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை. ஆஸ்பத்திரித் தரையைக் கழுவும் மருந்து. அதை அவன் கவனிக்காதவன்போலப் பையை வைத்தான்.

முன்னறைச் சுவரில் கிட்டார் தொங்கியது. தந்திகள் இல்லை.

அடக்கத்தன்று நடந்தது அது. பிரியமாய் வைத்திருந்த பொருளைக் கூடவே அனுப்புவது அவர்கள் வழக்கம். கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார்கள். அவள் பக்கத்தில் இடமில்லை, மேலே வைத்தால் மூடி பொருந்தவில்லை. தண்டு அலுமினியம், மர வாளால் அறுக்கவும் முடியாது. தந்தியை மட்டும் வெட்டி வைத்தால் போதும் என்று மாயாண்டி சொன்னார். செல்லசாமி குறட்டால் வெட்டினார். நான்கு தந்திகளையும் வளையமாகச் சுற்றி அவளுடைய வலது கைக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

தனுஷன் அப்போதும் தலையாட்டினான்.

பத்தாம் நாளுக்குப் பிறகுதான் பேச்சு கிளம்பியது. குழிமேட்டை ஒட்டிய மலையில் கொழுந்து பறித்த பெண்கள், காலுக்குக் கீழே ஏதோ ரீங்கரிக்கிறது என்று கூடையோடு இறங்கிவிட்டார்கள். வேலாயி குடியிருந்த லயத்துக் காம்பராவில் அடுக்கிய தட்டுகள் தானாக நடுங்கின. ஒன்றாய் இருந்ததை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை மண்ணுக்குள்ளும் ஒரு பாதியை வீட்டிலும் வைத்துவிட்டோம், அவள் எங்கே போய் நிற்பாள் என்று மாயாண்டி கேட்டாராம். பிரிக்கச் சொன்னதே அவர்தான் என்பதை யாரும் நினைவூட்டவில்லை.

*

அந்தக் கிட்டாரை அவள் ஹட்டனில் இல்ஹாமின் மின்சாமான் கடையில் கண்டெடுத்தாள். நுவரெலியா ஹோட்டலொன்றில் வாசித்த கோஷ்டி கலைந்தபோது, திருத்தக் கொடுத்த சாமான்களோடு விட்டுவிட்டுப் போனது. உடல் மரம். தண்டு முழுக்க வார்ப்பு அலுமினியம். எங்கோ ஒரு சின்னப் பட்டறையில் இருநூறு செய்தார்கள். பிறகு பட்டறையை மூடினார்கள். தோள் நோகும் பாரம். குளிர்ந்தால் தண்டு சுருங்கிச் சுருதி இறங்கும். மலைநாட்டில் எப்போதும் குளிர்.

இல்ஹாம் அன்றே எச்சரித்தார். "இது குளிருக்கு அழுற புள்ள மாதிரி, தங்கச்சி. ஒங்களுக்குச் சரிவராது."

"அழுதா தூக்கி வச்சுக்கணும், நாநா," என்றாள் பிரேமினி.

தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் முப்பது குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள் அவள்.

வாசிப்பதற்கு முன் தண்டைச் சால்வையில் சுற்றி அக்குளுக்குள் பத்து நிமிடம் வைத்திருப்பாள். கோஷ்டிக்காரர்கள் அடைகாக்கிறாயா, எத்தனை குஞ்சு என்று கேட்பார்கள். அவள் அசைய மாட்டாள். சூடேறியதும் தொடங்குவாள். மற்ற பேஸ் காதுக்கு வரும். இது முழங்காலுக்கு வந்து, அங்கிருந்து மெல்ல மேலே ஏறும். கோயில் திடலில் கடலை விற்கிறவன்கூடக் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பான்.

உலகத்தில் இந்தக் கிட்டாரை இன்னும் வைத்திருக்கிறவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. பின்லாந்தில் ஹெல்மி, போலந்தில் மாரெக், கனடாவில் ஒருவர், சிலியில் ஒருவர். எல்லாம் குளிர்தேசங்கள். மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியதை நாங்கள் வைத்திருக்கிறோம் என்பதில் அவர்களுக்கு அப்படி ஒரு திமிர். சிலிக்காரர் தன்னுடையதைப் போர்வைக்குள் வைத்துத் தூங்குவதாகப் படம் போடுவார். யாராவது அதை விற்க நினைத்தால் பதினொரு பேரும் சேர்ந்து திட்டுவார்கள். வாசிக்கும் முன் தண்டின் வெப்பத்தை அளந்து எழுதுவது அந்தக் குழுவின் வழக்கம். தண்டில் ஐந்தாவது குறுக்குக் கம்பியான ஃப்ரெட்டுக்குப் பின்புறம், கை பிடிக்கும் இடத்தில்.

அளப்பதற்காகத் தனுஷன் பாடசாலை அலுமாரியிலிருந்து ஒரு வெப்பமானி கொண்டுவந்து கொடுத்திருந்தான். கொரோனாக் காலத்தில் பிள்ளைகளின் நெற்றிக்கு நேராக நீட்டியது. பிரேமினி அதைத் திருப்பிக் கொடுக்கவேயில்லை.

*

சனிக்கிழமை மாலை மூடுபனி ஜன்னலை மூடிக்கொண்டு நின்றது. தூசி துடைக்கலாம் என்று தனுஷன் கிட்டாரை எடுத்தான்.

தண்டு சூடாக இருந்தது.

முழுத் தண்டும் இல்லை. ஐந்தாவது ஃப்ரெட்டுக்குப் பின்னால் ஒரு கை அகலம். இப்போதுதான் யாரோ பிடித்துவிட்டு விட்டதுபோல.

அவன் வெப்பமானியைத் தேடி எடுத்தான். சுவரை அளந்தான். 14.1. மேசை 14.0. கிட்டாரின் உடல் 14.2.

தண்டு 38.2.

பயம் வரவில்லை. இருபத்துமூன்று நாளாக எதுவும் வரவில்லை. மூன்று தடவை அளந்துவிட்டு, பிரேமினியின் கைப்பேசியிலிருந்து குழுவில் எழுதினான். அவள் இறந்த செய்தியை அவர்களுக்கு முன்பே அறிவித்திருந்தான். பதில்கள் உடனே வந்தன. வெயில் பட்டிருக்கும் என்றார் கனடாக்காரர். நல்ல அலுமினியம் எதையும் மறக்காது என்று எழுதினாள் ஹெல்மி. மாரெக், உன்னுடையதற்குக் காய்ச்சல் போலிருக்கிறது, கஞ்சி கொடு என்று எழுதிவிட்டு, சற்று நேரத்தில் அதை அழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை 38.9.

திங்கட்கிழமை பாடசாலை விட்டு வந்து அளந்தான். 39.6.

அப்போதுதான் கை நின்றது.

அவன் கைப்பேசியில் ஒரு குறிப்பு இருந்தது. எலிக்காய்ச்சல் என்று பிரேமினியை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து, கட்டிலின் காலடியில் தொங்கிய அட்டையைப் பார்த்து அவன் எழுதி வைத்தது. ஒன்பது நாள். ஒன்பது எண்கள். வேலாயிக்குப் படித்துக் காட்டுவதற்காக எழுதியது. அதை அவன் மறுபடி திறக்கவே இல்லை.

திறந்தான்.

38.2. 38.9. 39.6.

வெளியே யாரோ ஆடு ஓட்டிக்கொண்டு போனார்கள். சத்தம் தேய்ந்தது. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தான்.

நாளைக்கு 39.4. மறுநாள் 40.1. பட்டியல் அவன் கையிலேயே இருந்தது. கடைசி எண்ணும் அதில் இருந்தது.

*

ஒன்பதாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அட்டையில் 36.4 என்று எழுதியிருந்தது.

காய்ச்சல் விட்டுவிட்டது என்று வேலாயி ஆஸ்பத்திரி வாட்டு வாசலிலேயே கும்பிட்டாள். தாதியும் நல்லது என்றாள். உள்ளே ஈரலும் சிறுநீரகமும் கைவிட்டதால்தான் சூடு இறங்கியது என்று பிறகு சொன்னார்கள். ஒரு மணிக்குப் பார்வை நேரம் முடிந்து மணி அடித்தது. பிரேமினி அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்திருந்தாள்.

"போகாத."

"அஞ்சு மணிக்கு வந்துருவேன். ஆம்பளைங்க நிக்கக் கூடாதாம்."

காவல்காரர் கதவோரம் நின்று பார்த்தார். திட்டவும் இல்லை, தள்ளவும் இல்லை. வெறுமனே பார்த்தார். அதற்கே தனுஷன் விரலை உருவிக்கொண்டு வெளியே வந்தான்.

அவள் நாலு நாற்பதுக்கு இறந்தாள். அவன் வெளிவாசலில் மணி அடிக்கக் காத்துக்கொண்டு நின்றான்.

*

புதன்கிழமை தண்டு 40.1 காட்டியது. உலோகம் வியர்த்தது. துளிகள் சுவரில் கோடாக இறங்கின. அறை முழுக்க வாட்டின் வாடை. தனுஷன் துணியை நனைத்துப் பிழிந்து தண்டில் சுற்றினான். காய்ந்ததும் மறுபடி நனைத்தான். இருபத்தேழு நாளில் முதல் தடவையாக அவனுக்குப் பசித்தது. நின்றபடியே ரொட்டி தின்றான். ஒரு கை துணியில்.

ஈரத் துணிக்கு அடியில் ஏதோ அசைந்தது.

அவன் கையை எடுக்கவில்லை.

சனிக்கிழமை 38.0. அன்று வேலாயி ஏறி வந்தாள். மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டிருந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். சுவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நாளைக்குப் பின்னேரம் ஆளுங்க வருவாங்க, மாப்ள. எடுத்துக் குடுத்துருங்க."

"குடுக்க மாட்டேன், அத்த."

அந்தச் சொல் அவனுக்கே புதிதாகக் கேட்டது. வேலாயி சாக்கை இறக்கினாள்.

"எம்புள்ள மண்ணுக்குள்ள தூங்காமக் கெடக்குறா. ஒங்களுக்கு அந்தத் தகரம் பெருசாப் போச்சா?"

"அவளுக்கு நாளைக்கு ஒம்பதாம் நாள். நான் கூட இருக்கணும்."

அவள் வெகுநேரம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, கிறுக்குப் பிடித்த ஆளிடம் பேசுவதுபோல மெதுவாக, சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனாள்.

*

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. 36.4.

தனுஷன் கதவை உள்ளே தாழிட்டான். மேசையைத் தள்ளி முட்டுக் கொடுத்தான். கிட்டாரைச் சுவரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பாரம் தொடையை அழுத்தியது. இடது கையால் ஐந்தாவது ஃப்ரெட்டைப் பிடித்தான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. பிடிக்கத் தெரியும்.

மூன்றரைக்கு ஆட்கள் வந்தார்கள். முதலில் செல்லசாமி கதவைத் தட்டினார். நல்லவிதமாகப் பேசினார். புதைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து படையல் போடலாம், கோஷ்டியே வந்திருக்கிறது என்றார். பிறகு வேறு குரல்கள். பெண்கள் அழுதார்கள். ஒருவன் ஜன்னலில் முகம் வைத்துப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினான்.

"இன்னைக்கு நான் வெளிய வரமாட்டேன்," என்றான் தனுஷன். சத்தம் போடவில்லை. "யார் மணி அடிச்சாலும் வரமாட்டேன். போயிருங்க."

மாயாண்டி உடுக்கையை எடுத்தார். பனிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவள் பெயரைச் சொல்லி அழைத்தார். இறங்கு என்றார். வழி விட்டாச்சு, இறங்கிப் போ என்றார்.

நாலு மணி. 33.

நாலேகால். 27.

வெளிச்சம் போகத் தொடங்கியது. பனி கதவிடுக்கு வழியாகத் தரையில் படர்ந்தது.

நாலரை. 19.

அப்போது அது தொடங்கியது.

சத்தம் இல்லை. முதலில் பாதத்தில் ஒரு நடுக்கம். குழிமேட்டுப் பக்கமிருந்து, மலையின் அடிவயிற்றிலிருந்து ஏறி வந்தது. சமையலறையில் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசின. ஜன்னல் கண்ணாடி முனகியது. ஒரே ஒரு சுரம், நீண்டுகொண்டே போனது. தந்தி இல்லாத தண்டு அவன் கைக்குள் அதிர்ந்தது.

உடுக்கை நின்றுவிட்டது.

மண்ணுக்குள் யாரோ வாசித்தார்கள். இங்கே தண்டு பதில் சொன்னது.

நாலு முப்பத்தைந்து. 14.

நாலு முப்பத்தெட்டு. 6.

அறையை விடக் குளிர்ந்து, பூச்சியத்தையும் தாண்டி இறங்கியது. உலோகத்தில் வெள்ளையாகப் பனி பூத்தது. விரல் மரத்தது, பிறகு எரிந்தது. எடுக்கச் சொல்லி உடம்பு கெஞ்சியது. அவன் இன்னும் இறுக்கினான்.

இன்னொரு கை அவன் கைமேல் வந்து மூடியது.

கண்ணுக்குத் தெரியவில்லை. ஐந்து விரல்களின் எடை தெரிந்தது. அது ஆள்காட்டி விரலைத் தேடிக் கண்டுபிடித்துப் பற்றிக்கொண்டது.

காதுக்குப் பக்கத்தில், மூச்சளவு குரல்.

"போயிட்டியா?"

"இங்கதான் இருக்கேன்."

"மணி அடிச்சிருச்சா?"

"அடிக்கட்டும்."

கதவு உடைந்தது. மேசை சரிந்தது. நாலைந்து பேர் உள்ளே விழுந்தார்கள். செல்லசாமி கிட்டாரின் உடலைப் பிடித்து இழுத்தார். இருவர் தனுஷனின் தோளைப் பிடித்தார்கள். அவன் கடித்தான். பாடசாலை சேர் கடிப்பதை அந்தத் தோட்டம் அன்றுதான் பார்த்தது. விடு, தோல் உரிகிறது, கையைப் பார் என்று யாரோ சொன்னார்கள். உலோகத்தோடு அவன் உள்ளங்கை ஒட்டிப்போயிருந்தது.

வேலாயி எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்தாள். அவன் கையைப் பிரிக்கத்தான் குனிந்தாள். அவளுடைய கை அவன் கைமேல் பட்டது.

அப்படியே நின்றாள்.

முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கை மட்டும், எதையோ தடவிப் பார்ப்பதுபோல, அவன் விரல்களுக்கு மேலே ஒரு அங்குலம் உயரத்தில் காற்றை மெதுவாகத் தடவியது. மோதிர விரல். அதில் சின்ன வயதில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு. தாய்க்கு அந்த இடம் தெரியும்.

அவள் திரும்பினாள்.

"எல்லாரும் வெளிய போங்க."

"வேலாயி," என்று மாயாண்டி தொடங்கினார்.

"ஒமக்கும்தான். போம்."

போனார்கள். வேலாயி தரையில் உட்கார்ந்து, அவன் கையையும் அதற்கு மேலிருந்ததையும் சேர்த்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். நாலு நாற்பது ஆனது. சுரம் நிற்கவில்லை. நாலு நாற்பத்தொன்று. நாலு ஐம்பத்திரண்டுக்கு அது தானாகவே, பாட்டு முடிவதுபோல, மெல்ல அடங்கியது. விரலைப் பிடித்திருந்த பிடி கடைசியாக ஒரு தடவை அழுத்திவிட்டு விலகியது.

தண்டு 14.2. மேசை 14.0. வெறும் உலோகம்.

தனுஷன் அழுதான். முப்பத்தொரு நாள் கழித்து. வேலாயி அடுப்பு மூட்டித் தேத்தண்ணி வைத்தாள். உள்ளங்கைக்கு மருந்து போட்டாள். கிட்டாரைப் புதைக்கும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. கீழே லயத்துத் தட்டுகள் அமைதியாகிவிட்டன. குழிமேட்டு மலைக்குப் பெண்கள் மறுபடி கூடையோடு ஏறினார்கள்.

முடிந்தது என்று அவனும் நினைத்தான்.

*

வியாழக்கிழமை காலை, பாடசாலைக்குக் கிளம்பும்போது கைப்பேசி அடித்தது.

ஹெல்மி எழுதியிருந்தாள். வெளியே பூச்சியத்துக்குக் கீழே பத்தொன்பது. கராஜில் மைனஸ் மூன்று. ஒரு வாரமாகக் கிட்டாரைத் தொடவே இல்லை. இப்போது அளந்தேன், நம்பமாட்டீர்கள். 38.2. எப்படிப்பட்ட அற்புதமான சாமான் இது!

படமும் போட்டிருந்தாள். ஐந்தாவது ஃப்ரெட்டில் மட்டும் பனி உருகி, ஒரு கை அகலம் பளபளத்தது.

பத்து நிமிடத்தில் மாரெக். 38.2. பிறகு கனடா. 38.2. சிலி. ஒருவர் பின் ஒருவராகப் பதினொரு பேர். பாராட்டும் சிரிப்பும் இதயங்களுமாகத் திரை மேலே ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள்தான் அப்போதே சொன்னோமே என்றார்கள். உலகத்துக்குத்தான் இதன் அருமை தெரியவில்லை என்றார்கள். எல்லா எண்களும் ஒன்றாக இருப்பதைக் கவனித்தீர்களா என்று சிலிக்காரர் உற்சாகம் தாங்காமல் கேட்டார்.

தனுஷன் சுவரில் தொங்கிய தன்னுடையதை அளந்தான். 14.3.

அன்று பாடசாலையில் அவன் என்ன எடுத்தான் என்று அவனுக்கு நினைவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஹெல்மி எழுதினாள். 38.9. ஏறுகிறது! கூடவே ஒரு கேள்வி. கராஜில் ஒரு பெண் ஏதோ மொழியில் ஒரே சொல்லைச் சொல்வதுபோலக் கேட்கிறது, உங்கள் யாருக்காவது அப்படிக் கேட்கிறதா?

மாரெக் பதில் போட்டார். எனக்கும்.

தனுஷன் செருப்பைக் கழற்றினான். நாற்காலியில் உட்கார்ந்தான். கட்டுப் போட்ட கையில் கைப்பேசியை எடுத்தான். 'போகாத' என்ற அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எழுதினான். தன் கைப்பேசியிலிருந்த ஒன்பது எண்களையும் வரிசையாக எழுதினான். பிறகு கடைசியாக இதை எழுதி அனுப்பினான்.

ஒன்பதாம் நாள் 36.4 காட்டும். குணமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். யார் கூப்பிட்டாலும் அறையை விட்டுப் போகாதீர்கள். பிடித்த கையை எடுக்காதீர்கள்.